மறைத்த நோயும் மறையாத் தழும்பும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்ற பெற்றோர் நாங்கள். அதனால் அடைந்த வெட்கத்தை ஒளிக்காமல் எழுதுகிறோம், பிறருக்கேனும் பயன்படட்டும்.

எங்கள் மகள் 17ஆம் வயதில் காசநோயுற்றாள். 6 மாதம் தவறாது மருந்துண்டு முற்றும் குணமடைந்தாள். நாங்களோ, "நாளை இவளை யார் பெண் கேட்பார்?" என்று அஞ்சினோம். உற்றாரிடம் மஞ்சட்காமாலை என்றோம். மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் அடுப்பிலிட்டு எரித்தோம்.

ஆண்டுகள் கடந்தன. செவிலியான அவளுக்கு இங்கிலாந்தில் பணி கிடைத்தது. அங்கு 6 மாதத்திற்கு மேல் தங்கச் செல்லும் நம் நாட்டினர், காசநோய் இல்லை என்னும் சான்றிதழை விசா விண்ணப்பத்துடன் அளித்தல் வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஏற்பளித்த நிலையத்தின் சான்றிதழே செல்லும். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பர். 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே இல்லை. உடல்நலம் பற்றிக் கேட்டறிவதோடு சரி.

சென்னைக்குப் புறப்படும் வேளையில், "முன்பு நோய் இருந்ததா என்று கேட்டால், இல்லையென்று சொல்லிவிடம்மா" என்றோம். அவள் எங்களை நிமிர்ந்து நோக்கினாள்.

"அப்பா, என் நாக்கு பொய் சொல்லலாம், நுரையீரல் தழும்பு சொல்லாதே! நோயாளியிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று நாளை நான் எந்த வாயால் சொல்வேன்?"

எங்களுக்கு மறுமொழி இல்லை.

அவள் உண்மையே உரைத்தாள். படத்திலும் நிழல் தெரிந்தது. "ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் உண்டா?" என்று வினவினார் மருத்துவர். நாங்கள் தலைகுனிந்தோம். அடுத்தடுத்து மூன்று நாள் சளி எடுத்தனர். கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு சொல்ல 8 வாரம் வரை ஆகும் என்றனர். அவ்வாரங்களில் நாங்கள் உறங்கிய இரவுகள் சில. அவளோ அமைதியாக இருந்தாள்.

கிருமி இல்லையென்று முடிவு வந்தது. சான்றிதழும் கைக்கு வந்தது. குணமான பழைய நோய் பயணத்திற்குத் தடையன்று என்பதை அன்றுதான் அறிந்தோம். பணியிடத்தாரும் நாளைத் தள்ளிக் கொடுத்தனர்.

காசநோய் கிருமியால் வருவது என்று ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உலகறியச் செய்தார். குடும்பத்தின் மீது விழுந்த சாபமாக அதை நாங்கள்தாம் எண்ணியிருந்தோம்.

பெற்றோரே, பிள்ளைகளின் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நோயுறுதல் இழுக்கன்று, குணமானதை மறைத்து, பிள்ளைக்குப் பொய்யைக் கற்பிப்பதே இழுக்கு.