சத்தம் போடாத ஊரில்

ஞாயிறு, இரவு

டோக்கியோ வந்து சேர்ந்தாயிற்று. ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கும் மேல் வாசல்கள். நல்லவேளை, எந்த வாசலில் வெளியேறவேண்டும் என்று ஹோட்டலில் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் போன்.

"ஜப்பான்ல என்னடி பயம்? பர்ஸைத் தொலைச்சாக்கூட கொண்டாந்து குடுத்துடுவாங்களாமே!"

உண்மைதான். ஆனால் பர்ஸ் பத்திரமாக இருக்கும் ஊரில் பெண்ணும் பத்திரமாகத்தான் இருப்பாள் என்று எல்லோரும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நான் ஒப்ப மாட்டேன்.

திங்கள்

காலையில் சுவோ லைன் ரயில். பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் பெண்கள் பெட்டிக்கான அடையாளம். வார நாட்களில் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும். 2000 டிசம்பரில், ஆண்டிறுதி விருந்துகள் முடிந்து குடித்துவிட்டு வருபவர்களின் கூட்டத்துக்கு அஞ்சி, கேயோ ரயில் நிறுவனம் பின்னிரவு வண்டிகளில் இதைச் சோதனையாக விட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. நம் ஊர் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஆண் ஏறினால் ரயில்வே சட்டப்படி அபராதம். இங்கே சட்டம் எதுவும் இல்லை, 'ஒத்துழைப்புத் தாருங்கள்' என்ற வேண்டுகோள்தான். அதற்கே கட்டுப்படுகிறார்கள். ஆனால் பக்கத்துப் பெட்டியில் கை நீட்டுபவனும் இதே ஊர்க்காரன்தானே?

பெட்டிக்குள் மூச்சுவிட இடமில்லை, பேச்சும் இல்லை. ரயிலில் போன் பேசுவது இங்கே மரியாதைக் குறைவு.

மாலை வண்டியில் ஏழெட்டு வயதுச் சிறுமி, துணைக்கு யாரும் இல்லாமல், ஸ்கூல் பையோடு நின்றிருந்தாள். பையின் தோள்வாரில் முட்டை வடிவத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் ஒன்று, அதிலிருந்து குட்டிக் கயிறு. இழுத்தால் காது கிழிய அலறும் பஸ்ஸர். குழந்தை தனியாகப் போகும் ஊர் என்று வியந்து எழுதுகிற பயணக் கட்டுரைகளில் இந்த முட்டை அனேகமாக வருவதில்லை.

புதன்

நான் வந்திருக்கும் பயிற்சியில் உடன் இருக்கும் டோக்கியோப் பெண் மதிய உணவின்போது தன் போனைக் காட்டினாள். டோக்கியோ காவல்துறையின் 'டிஜி போலீஸ்' செயலி. ரயில் நெரிசலில் தொடுபவனை இங்கே சிகான் என்பார்கள். அப்படி யாராவது கை வைத்தால் செயலியைத் திறந்து பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டினால் போதும்: 'சிகான், உதவுங்கள்' என்று திரையில் பெரிய எழுத்து. மறுபடி தட்டினால் "நிறுத்துங்கள்" என்று போனே குரல் கொடுக்கும்.

சென்னை பஸ்ஸில் வளர்ந்தவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "என்னய்யா, வீட்ல அக்கா தங்கச்சி இல்ல?" என்று ஒரு பெண் ஆரம்பித்தால், பின்சீட்டு ஆயா முதல் கண்டக்டர் வரை ஆளுக்கு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். (சேராத நாட்களும் உண்டு, அதற்குத்தான் சேஃப்டி பின்.) இங்கே எழுபது பேர் ஊசி விழும் அமைதியில் நிற்கும்போது முதல் குரல் கொடுப்பதே பெரிய பாரம். கை வைக்கிறவன் அந்த அமைதியை நம்பித்தான் வருகிறான். குரல் எழாது என்று தெரிந்துதான் காவல்துறையே குரலைப் பதிவுசெய்து கொடுத்திருக்கிறது. வேதனை என்றாலும் கெட்டிக்கார ஏற்பாடு. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாததும் இதே வழிதான். திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதற்கு நாடு முழுவதற்குமான தனிச்சட்டம் 2023-ல்தான் வந்தது.

வியாழன்

இரவு கபுகிச்சோ, ஷின்ஜுகுவின் கேளிக்கைப் பகுதி. ஆள்பிடிப்பவர்களின் பின்னால் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கி ஓயாமல் எச்சரிக்கிறது. அதன் கீழேயே ஆள்பிடிக்கிறார்கள். சத்தத்துக்கு இங்கே பஞ்சமில்லை, அதனாலோ என்னவோ எனக்குப் பயமே இல்லை. தெருமுனையில் கோபான், அதாவது சின்னப் போலீஸ் சாவடி. வாசலில் சிவப்பு விளக்கு, உள்ளே சுவரில் வரைபடம். வழி கேட்கிற சாக்கில் உள்ளே போய் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சனி

அக்கா மகள் ஒசாகாவுக்குப் படிக்க வருகிறாள். 'அங்க சேஃபா சித்தி?' என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். எழுதி அனுப்பியது இது:

'நடுராத்திரியிலும் நடக்கலாம், நெரிசலில்தான் கவனம். மிடோசுஜி லைனில் வார நாட்களில் நாள் முழுக்கப் பெண்கள் பெட்டி உண்டு. ஹோட்டல் வரவேற்பில் உன் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேள். யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதே, எதிர்ப்படும் கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குள் நுழை. பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். போலீஸ் 110. ஜப்பானிய மொழி வரவில்லை என்று தயங்காதே, தமிழிலேயே கத்து. பஸ்ஸர் வாங்கிக்கொள், அதைப் பைக்குள் போட்டு வைக்காமல் வாரில் மாட்டு.'

'ஸ்கூல் பசங்க மாதிரியா? அசிங்கமா இருக்கும் சித்தி' என்று பதில். மஞ்சள் வேண்டாம், கறுப்பிலும் கிடைக்கும் என்று எழுதினேன்.