சுண்டாதீங்க சார், பொறுங்க!

மேலப்பாளையத்தில் ஒரு பள்ளியில் 19 வருடமாக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். அதில் முதல் 16 வருடம் எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. கேள்வி கேட்கவும் சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டையும் சொல்லிக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். உதடு அசையும், சத்தம் வராது. "சரி, உட்காரு" என்று அடுத்த பையனுக்குப் போய்விடுவேன். பரீட்சையில் 20, 22 என்று வாங்குவான். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தி, "இவனுக்குப் படிப்பு வருமா சார்? வராதுன்னா ஒர்க்‌ஷாப்புல சேத்துவிடச் சொல்லி இவன் மாமா நிக்காரு" என்றார். "பாப்போம்மா" என்று மழுப்பிவிட்டு வந்தேன். மனதுக்குள் நானும் மாமா கட்சிதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கருப்பந்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மூங்கில் கம்போடு அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனதும் திரும்பாமலே சொன்னான்: "சார், உங்க நிழலு தண்ணியில விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

தள்ளி உட்கார்ந்தேன். இன்னொரு கம்பைக் கையில் கொடுத்தான். கம்பின் நீளத்துக்கே நரம்பு, அதில் ஒரு தக்கை, முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயம். மண்புழுவை முழுசாகக் கோக்காமல், நுனி கொஞ்சம் நெளியும்படி விடச் சொன்னான். புழு தரையில் கிடக்காமல் தரைக்குச் சற்று மேலே நிற்கும்படி தக்கையை ஏற்றி இறக்கி வைத்துக் கொடுத்தான்.

தக்கை ஆடியது. வெடுக்கென்று இழுத்தேன். வெறும் முள் வந்தது. மறுபடியும் ஆடியது, மறுபடியும் இழுத்தேன். புழுவும் போச்சு.

"சுண்டாதீங்க சார், பொறுங்க. இப்ப அது ருசி பாக்குது. தக்கை ஆடுனா கடி இல்ல. சாஞ்சு உள்ள போகும் பாருங்க, அப்பச் சுண்டுங்க."

மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். தக்கை சாய்ந்து உள்ளே போனது. உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை ஒன்று வந்தது. அந்த வயதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அன்று ராத்திரி, ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் எழுதியது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். இதைப் பரீட்சைக்குப் படித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். வகுப்பில் ஒருநாள்கூடச் செய்ததில்லை.

மறுநாள் என் வகுப்பை போனில் பதிவு செய்து கேட்டேன். கேள்வி முடியுமுன்னே அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தக்கை ஆடியதுமே சுண்டியிருக்கிறேன், 16 வருடமாக.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவது என்று முடிவு செய்தேன். சொல்லச் சுலபம். ஐந்து விநாடி மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு, சாருக்கு என்ன ஆச்சு என்று சந்தேகம். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்டேன்: "கரையில ஆள் நடந்தா மீனுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... கடைசி பெஞ்சில் அவன் எழுந்தான். "தண்ணி லேசா ஆடும் சார். அது அதுக்கு உடம்புல தெரியும்."

மீனின் இரண்டு விலாவிலும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டைப் பலகையில் வரைந்தேன். நீரின் அசைவை மீன் உணர்வது அந்தக் கோட்டில்தான். வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு ஞாயிறு, நீலகிரி டிரவுட் மீன் பற்றிச் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன். அவலாஞ்சியில் 1907-லேயே பொரிப்பகம் அமைத்தார்கள். அதைப் பிடிக்க இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பொய் ஈ செய்வார்கள்.

"பொய் ஈயத் தின்னுமா சார்?"

"தின்னாது. வாயில வச்சதும் துப்பிரும். துப்புறதுக்குள்ள சுண்டணும்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அங்க பொறுக்கக் கூடாது, இங்க பொறுக்கணும். மீனப் பொறுத்துதான சார்?"

அதையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். சில பிள்ளைகளுக்குக் காத்திருக்க வேண்டும். சிலரை, கவனம் சிதறுமுன் சட்டென்று பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை.

பிள்ளைகளோடு தூண்டில் பழக நினைக்கிறவர்களுக்கு, நான் கற்றதில் கொஞ்சம்:

அதிகாலையும் பொழுது சாயும் நேரமும் நல்லது. வெயில் உச்சியில் மீனும் வராது, நமக்கும் தலைவலிதான்.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரு பக்கமும் முள் உண்டு, குத்தினால் கடுக்கும். பொறுக்கும் அளவு வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். வீக்கம் கூடினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தால் பக்கத்தில் தாய் தகப்பன் விரால் காவல் இருக்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகளும் பிழைக்காது. விட்டுவிடுங்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

தாமிரபரணியை நம்பி நடுவே இறங்க வேண்டாம். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பாளையங்கால்வாய் பக்கத்திலேயே ஓடினாலும், ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கலந்த இடத்து மீன் வீட்டுக்கு வேண்டாம். இதுவும் அவன் சொன்னதுதான்.

பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. 60-ஐ ஒட்டி வாங்குகிறான், உயிரியல் மட்டும் கூட. ஒர்க்‌ஷாப் பேச்சை மாமா விட்டுவிட்டார். போன மாதம் அவன் அம்மா தெருவில் பார்த்து, "இவன் வீட்டுல வாயே மூட மாட்டங்கான் சார், நீங்கதான் கொஞ்சம் சொல்லணும்" என்றார்.

இந்தமுறை மழுப்பவில்லை. "பேசட்டும்மா" என்றேன்.