பதினான்கு செட் துணி

கோவை கணபதிப் பக்கம் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறை. என் கட்சிக்காரர் அங்கே பதினோரு வருடம் டர்னர். ஒரு வாய்த்தகராறில் வேலையை விட்டவர், கணக்கு முடிக்கும்போது கிராஜுவிட்டி கேட்டார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் குடுத்தது யாரு? இப்ப எங்கிட்டயே சட்டம் பேசறயா?" என்றாராம் முதலாளி. பணம் கொடுத்தது உண்மைதான். அட்வான்ஸ் கேட்டால் இல்லை என்று சொல்லாத மனிதர். ஆனால் நியமனக் கடிதமோ வருகைப் பதிவேடோ கிடையாது. சிறு பட்டறைகளில் ஆள் நிர்வாகம் என்பது பெரும்பாலும் முதலாளியின் ஞாபகம்தான்.

தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரி முன் மனுப் போட்டேன். பட்டறையில் மொத்தமே எட்டுப் பேர், ஆகவே அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டம் பொருந்தாது என்று எதிருரை வந்தது. இ.எஸ்.ஐ.யிலும் எட்டுப் பேரைத்தான் காட்டியிருந்தார்கள். சட்டம் கேட்டது 10 பேர். ஆனால் முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அத்தனை பேர் இருந்திருந்தாலே போதும். ஒருமுறை பொருந்திவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் விலக்கு இல்லை.

அந்த ஒரு நாளைத் தேடித்தான் வரவு செலவுக் கணக்குகளைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுச் செய்தேன். குறுக்கு விசாரணையில் முதலாளியிடம், "ஆயுத பூஜைக்குத் துணி எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"வருஷா வருஷமுங்க. ஒருத்தரையும் விட்டதில்லீங்க." சொல்லும்போது முகத்தில் பெருமை.

ஜவுளிக்கடை பில்லைக் காட்டினேன். பேன்ட், சட்டை பதினான்கு செட். வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து எடுத்தது என்றார். ஆனால் ஆடிட்டர் அதைத் 'தொழிலாளர் நலச் செலவு' என்று எழுதி, வருமான வரியில் கழித்திருந்தார். வீட்டுக்கு எடுத்தது என்றால் வரிக்கணக்கு பொய். தொழிலாளருக்கு என்றால் எதிருரை பொய். அவருடைய வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளருக்குச் செய்த நல்ல காரியமே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

என் கட்சிக்காரர் தினக்கூலி ஆள் என்ற வாதமும் எடுபடவில்லை. கூலியை எப்படிக் கொடுத்தாலும் அவர் தொழிலாளிதான். கடைசி மாதச் சம்பளம் 13,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 7,500. பதினோரு வருடத்துக்கு 82,500 ரூபாயும், தாமதத்துக்கு 10 சதவீத வட்டியும் கொடுக்க உத்தரவானது. மேல்முறையீடு என்றால் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். முதலாளி மேலே போகவில்லை. ஒரே காசோலையாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்.