பதின்மூன்றுக்கு அஞ்சிய இசைப்புலவர்

மேதைகள் எதற்கும் அஞ்சாதவர் என்று எண்ணுவது நம் வழக்கம். அவ்வெண்ணத்தை என்னுள் மாற்றியவர் ஆர்னால்டு ஷோன்பெர்க். 1874 செப்டம்பர் 13ஆம் நாள் வியன்னாவில் பிறந்த இவ்விசைப்புலவர், தாம் பிறந்த நாளின் எண்ணையே தீய எண்ணாகக் கருதி அஞ்சினார். மோசே, ஆரோன் ஆகிய இருவரைப் பற்றிய தம் இசை நாடகத்தின் செருமானியத் தலைப்பில் 13 எழுத்துகள் வரக் கண்டு, ஆரோனின் பெயரில் ஓரெழுத்தைக் குறைத்தார் என்பர்.

அஞ்சியது பதின்மூன்றுக்கு, ஆண்டது பன்னிரண்டை. ஒரு தாயியில் அடங்கும் 12 சுரங்களும் சமம், அவற்றுள் எதுவும் தலைமை கொள்ளலாகாது என்னும் முறையை 1920களின் தொடக்கத்தில் அவர் வகுத்தார். ஆதார சுருதியில் ஊன்றிப் பழகிய செவிக்கு இது கால்கீழ் மண் நழுவுவதை ஒக்கும்.

இம்முறையில் பெரிய இசைக்குழுவிற்கென அவர் இயற்றிய 'வேறுபாடுகள்' 1928இல் பெர்லினில் ஃபூர்ட்வெங்லர் தலைமையில் அரங்கேறியபோது, அவையில் எதிர்ப்பொலி எழுந்தது. ஷோன்பெர்க் தம் வழியினின்று பிறழவில்லை. 1931இல் ஃபிராங்ஃபர்ட் வானொலியில் அப்படைப்பைப் பொறுமையுடன் விளக்கியுரைத்தார்.

முதன்முறை கேட்டபோது எனக்கு அது ஒலிகளின் நெரிசலாகவே தோன்றியது. நான்காம் முறையில், செல்லோக்கள் எடுத்துரைக்கும் மூலப்பண் செவியில் தங்கிற்று. பின்னர்த் தொடரும் ஒன்பது வேறுபாடுகளிலும் அதன் சாயலைத் தேடுவது இன்பமாயிற்று.

யூதராகிய அவர், 1933இல் நாஜி ஆட்சியால் பெர்லின் கலைக்கழகப் பதவியை இழந்தார். அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாணாக்கர்க்கு இசை கற்பித்தார். அங்கேயே 1951 சூலை 13, வெள்ளிக்கிழமை, தம் 76ஆம் வயதில் மறைந்தார்.

அவர் அஞ்சியது பலித்ததென்று வியப்போர் உளர். ஆனால், அவர் நலமே கடந்து வந்த பதின்மூன்றாம் நாள்கள் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றை எவரும் எண்ணுவதில்லை. பொருந்திய ஒன்றை நினைவிற்கொண்டு பொருந்தாத நூற்றை மறப்பதே மூடநம்பிக்கை வளரும் வழி.

மாணவ நண்பர்களே, எண்ணுக்கு அஞ்சிய அவர், எள்ளி நகையாடிய அவைக்கு அஞ்சவில்லை. ஓர் அச்சம் உள்ளத்தில் இருப்பதனாலேயே ஒருவர் கோழையாகிவிடார். அவருடைய அச்சத்தை விடுத்து உறுதியைக் கொள்வோம். கடினமான இசையை மீண்டும் ஒருமுறை கேட்போம்.