டத்தோ லாட் அவர்களுக்கு



எங்கள் வட்டார நூலகத்தில் வாசகர்களிடம் புத்தகப் பரிந்துரை கேட்டார்கள். தோட்டத்தில் முன்பு வாழ்ந்த பெற்றோர் சிலர் உட்கார்ந்து, ஜப்பானியப் படக்கதைகளான மங்கா வேண்டுமென்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். அதன் முதல் இரண்டு வரிகளில் இருப்பவை மங்கா அல்ல. நீங்கள் வரைந்த படக்கதைகளான ‘கம்போங் பாய்’, ‘டவுன் பாய்’. “படக்கதையெல்லாம் நூலகத்துக்கு எதற்கு?” என்று யாராவது கேட்பார்கள். அதற்கு நீங்கள் 1979-லேயே ‘கம்போங் பாய்’ மூலம் பதில் சொல்லிவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் பேராக் மாநிலத்தில், கோப்பெங் பக்கத்துக் கோத்தா பாருவில் 1951-ல் பிறந்தவர். சுங்கை சிப்புட் தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு அது ஈப்போவில் பஸ் மாறினால் வந்துவிடும் ஊர்தான். ஆனாலும் உங்கள் மலாய்க் கிராமமான கம்பம் வேறு, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் வேறு. ‘கம்போங் பாய்’ புத்தகத்தில் வரும் குர்ஆன் வகுப்பும் சுன்னத்துச் சடங்கும் நாங்கள் பார்த்து வளர்ந்தவை அல்ல. அப்படியிருந்தும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எங்களால் சாதாரணமாகப் புரட்ட முடிவதில்லை. ஈயக் கம்பெனி நிலத்தைச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறது. நல்ல விலை கிடைத்தால் விற்றுவிட்டு ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பையன் விடுதிப் பள்ளிக்குக் கிளம்புகிறான். திரும்பி வரும்போது ஊர் இப்படியே இருக்க வேண்டுமே என்று அவனுக்கு மனசு அடித்துக்கொள்கிறது. எங்கள் தோட்டம் கைமாறியபோது எங்களிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. நிலமும் கம்பெனியுடையது, லயமும் கம்பெனியுடையது. கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய்த் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தன. லயத்தைப் படம்பிடித்து வைத்தவர்கள் எங்களில் யாருமில்லை. பிள்ளைகள் கேட்டால், ஓர் ஊர் கைநழுவும் கதையைக் காட்டுவதற்கு உங்கள் புத்தகம் இருக்கிறது.

இனி மங்காவுக்கு வருகிறேன். மலாய் மொழியில் வந்த ‘டோரேமோன்’ அட்டை கிழியும் வரை எங்கள் பிள்ளைகளிடம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பு வரவில்லை என்று ஆசிரியர் சொன்ன பையன்கூட அதை விடமாட்டான். அதனால் தொடர்களை முழுசாக வாங்கச் சொன்னோம். நடுவில் ஒரு பாகம் இல்லாவிட்டால் பிள்ளை அதோடு நின்றுவிடும். டியூவி நூலகப் பகுப்பில் படக்கதை எல்லாம் 741.5-இல்தான் சேரும். சின்னப் பிள்ளைகளுக்கானதும் பெரியவர்களுக்கானதும் ஒரே தட்டில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால், வயதுக்கேற்பத் தட்டுகளைப் பிரித்து வைக்கவும் கேட்டிருக்கிறோம்.

பெரியவர்களுக்கான தட்டுக்கு நாங்கள் கேட்ட முதல் தொடர் கெய்ஜி நகஸாவாவின் ‘பேர்ஃபுட் கென்’. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக அங்கே இருந்தவர் எழுதி வரைந்தது. ஜப்பான்காரன் கதை நமக்கு எதற்கு என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். அவர் தாத்தா சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். 1942, 43-இல் ஜப்பானிய ராணுவம் நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குக் கொண்டுபோனது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதையில் நாயகனான சிறுவன் கென்னின் அப்பா அந்தப் போரை ஊரறிய எதிர்க்கிறார். அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவைக்கிறார்கள். ஜப்பானிலேயே அது சர்ச்சையானது; மட்சுயே நகரக் கல்வி வாரியம் 2012-ல் அந்தத் தொடரைப் பள்ளி நூலகத் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பவே 2013-ல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இதையெல்லாம் பேசி முடித்த பிறகு அவரும் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

அதே ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரம் 2002-ல் ஆசியப் பண்பாட்டுப் பரிசை உங்களுக்கு வழங்கியது. பரிந்துரைப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் அதையும் எழுதினோம். மங்காவுக்கும் பேராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

‘டவுன் பாய்’ மட்டும் இரண்டு பிரதி கேட்டிருக்கிறோம். ஒன்று இரவல் கொடுக்க, இன்னொன்று நூலகத்திலேயே இருக்க. அன்றைய ஈப்போவைப் பிள்ளைகள் அதில் தேடிப் பார்க்கட்டும்.


சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முன்பு வாழ்ந்த பெற்றோர் சார்பில்,
ஒரு வாசகி