எஞ்சின் நின்ற மாலை

கோடை விடுமுறைக்குக் கடலூரிலிருந்து நாங்கள் சகோதரிகள் இருவரும் சிதம்பரத்திலுள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்றிருந்தோம். அண்ணனின் கணிப்பொறியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. மிக்-21 விமானத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு ஒரே எஞ்சின்தான். அது எந்த நேரத்திலும் பழுதாகும்படி அண்ணன் அமைத்துவிட்டார்.

மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறியின் சத்தம் மாறியதற்கே தங்கை அலறினாள்! நான்காம் தடவை பேச்சில் மறந்திருந்தபோது முள் சரிந்தது. மூக்கைத் தாழ்த்தினால்தான் வேகம் குறையாது என்று தெரிந்தும், பயத்தில் மேலே இழுத்தோம். விழுந்தோம்.

1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை நம் விமானப்படையில் மிக்-21 பறந்தது. அதை ஓட்டியவர்களுக்கு மறுபடி தொடங்கும் பொத்தான் ஏது?

பெரியம்மா காப்பிக்கு அழைத்தும் எழவில்லை. ஐந்தாம் தடவை மூக்கைத் தாழ்த்தினோம். எஞ்சின் மீண்டும் பற்றிக்கொண்டது.