சுருதி கேட்டவர்களும் பொறை கேட்டவர்களும்

ஆனைக்கட்டியைத் தாண்டினால் பேருந்துப் பலகை மலையாளத்துக்கு மாறிவிடும். டீக்கடைப் பேச்சு மாறாது. கோவைப் பக்கமிருந்து வந்து கேரளத்து அட்டப்பாடியின் அகளி வட்டாரத்தில் காடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் கொங்குத் தமிழில்தான் பேரம் பேசுகின்றன. 1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடியினர். 2011இல் பாதிகூட இல்லை. குடியேறியவர்களைக் கொஞ்சம் நெளிய வைக்கும் கணக்கு.

இருளர் பாட்டு அந்தத் தமிழர்களுக்குப் பாதிக்கு மேல் விளங்கும். நக்குப்பதி ஊருக்கு வாக்கப்பட்டு வந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவும் தமிழ்நாட்டில் பிறந்தவர்தான். ஆடு மேய்த்தவர், பழனிசாமி நடத்தும் ஆசாத் கலாசமிதி என்ற கலைக்குழுவில் பாடியவர். 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாட வைத்தார், ஜேக்ஸ் பிஜோய் இசையில். அதே ஆண்டு ஜூனில் சச்சி இறந்துபோனார். 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு வந்தபோது, சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கா என்று ஒரு இசைக்கலைஞர் கேட்டார். அல்போன்ஸ் ஜோசப் போன்றவர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள்.

கேள்வியே இடம் மாறி வந்தது. ஊரில் பாட்டு தனியாக இருப்பதில்லை. பொறை என்ற கொட்டு, தவில், குழல், ஜால்ரா நாலும் சேர, ஆணும் பெண்ணும் வட்டம் கட்டி ஆடுவார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். ஸ்டுடியோவில் வட்டம் இல்லை. ஒரு குரலும் ஒரு மைக்கும்தான்.

ஊர்க் கலை வெளியே போகும்போது வரும் இப்படி ஒரு தகராறு இந்தோனேசியாவின் சுண்டா மக்களிடமும் நடந்தது. கெதுக் திலு என்ற கிராமத்து ஆட்டத்தை எடுத்து, 1970களின் பிற்பகுதியில் பாண்டுங்கில் குகும் கும்பிரா ஜெய்பொங்கான் என்ற புது ஆட்டத்தை உருவாக்கினார். இடுப்பாட்டம் அதிகம் என்று மாகாண ஆளுநர் வரை முகம் சுளித்தார்கள். இன்று மேற்கு ஜாவாவின் அடையாளமே அதுதான். ஆனால் அங்கே மாற்றிக் கட்டியவர் அந்த மண்ணின் கலைஞர். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது அவர் முடிவு.

அட்டப்பாடியில் அந்த முடிவு பெரும்பாலும் வெளியாரிடமே இருக்கிறது. பழங்குடியினரையே நடிக்க வைத்து, இருளர் மொழியில் ‘தபாரி குருவி’ படம் எடுத்த இயக்குநர் பிரியநந்தனனும் திருச்சூர்க்காரர்தான்.